நீக்கம் என்று நான் எழுதிய வரி

பினாங்கில் மாஜோங் தாள் என்று எல்லாரும் சொல்லும் பெரிய வெள்ளைத் தாள்களில் பன்னிரண்டை ஒட்டிக் கூட்ட அறையின் ஒரு சுவரையே மறைத்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பாயான் லெப்பாஸில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. பழைய கணினிகள், படிவங்கள், தொலைபேசிகள் என்று தனித்தனியாகக் கிடந்தவற்றை எல்லாம் மாற்றி, தொழிற்சாலை முழுவதற்கும் ஒரே அமைப்பைக் கொண்டுவர மூன்றாண்டுத் திட்டம் போட்டிருந்தார்கள். அதன் முதல் படியான இடைவெளி ஆய்வை என்னிடம் கொடுத்தார்கள்.

சொல்லப்போனால் அது ஒரு பெரிய அட்டவணைதான். இடப்பக்கம் மேலிருந்து கீழாக இன்று நம்மிடம் இருப்பவை. மேல்வரிசையில் நாளை இருக்கப்போகிறவை. ஒன்றின் வேலையை இன்னொன்று எடுத்துக்கொண்டால், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு குறி. நாளைக்கு இடமில்லாதவை வலது ஓரத்து 'நீக்கம்' பத்திக்குப் போகும். இன்று இல்லாமல் நாளை தேவைப்படுபவை அடியில் 'புதிது' என்ற வரிசையில் சேரும். நீக்கத்தில் விழும் ஒவ்வொன்றையும் பார்த்து, வேண்டுமென்றே விடுகிறோமா, மறந்து விடுகிறோமா என்று கேட்க வேண்டும். முக்கியமான விதி அதுதான்.

அந்த வாரங்களில் எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு. சரக்கு அறையும் கொள்முதல் பிரிவும் ஒரே திருகாணிக்கு வெவ்வேறு எண் கொடுத்து, இரண்டு இடத்திலும் வாங்கிக் குவித்திருந்ததைக் கண்டுபிடித்த அன்று நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினேன். வெள்ளிக்கிழமை தலைமையகத்து ஆட்கள் வந்து சுவரைப் பார்ப்பதாக இருந்தது.

கீழே வரவேற்பறையில் தொலைபேசிப் பலகை முன்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்பும் அவர் கை வழியாகத்தான் உள்ளே போகும். அவர் எந்தப் பிரிவிலும் சேராதவர். நானோ பிரிவுத் தலைவர்களிடம் மட்டும்தான் பேட்டி எடுத்தேன். பதிவு செய்த குரலில் பேசி, உள் எண்ணைக் கேட்டு இணைப்புக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று சோதனைக்கு வந்திருந்ததால், அந்த வரி எனக்குச் சுலபமாக இருந்தது. 'தொலைபேசிப் பலகை: நீக்கம். வேண்டுமென்றே.' சிவப்புப் பேனாவால் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

"என்னா தம்பி, செவுத்துல எல்லாத்தையும் எழுதறியாமே. என்னைய எந்தப் பக்கம் போட்டே?" என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

"உங்களுக்கு ரெஸ்ட் குடுக்கலாம்னு இருக்கோம்கா."

"ரெஸ்ட்டு செத்த பெறகு எடுத்துக்கறேன் லா. இப்ப யாரு கேட்டா?"

சிரித்துக்கொண்டே மாடிக்கு ஏறிப் போனேன்.

புதன்கிழமை காலை, கேபிள் பாதையைப் பார்க்க சாலைக்கு அப்பால் இருந்த புதிய கட்டடத்துக்குக் காரில் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பத்தரை மணி இருக்கும். இயந்திரங்களுக்கு நடுவே தூணில் மாட்டியிருந்த தொலைபேசி அடித்தது. எடுத்த பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

"தம்பி, பேசாத, கேளு," என்றது அக்காவின் குரல். "ஸ்கூல்லேருந்து போன். பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. பையில பம்பு இல்லையாம். ஒன் காடியில கெடக்கும்னு அதுவே சொல்லுதாம். ஓடு."

மகளுக்கு அப்போது ஒன்பது வயது, ஆஸ்துமா. காலையில் காரில் எதையோ தேடிப் பையைக் கவிழ்த்தாள். அந்த மூச்சு பம்பு பின் இருக்கையில்தான் கிடந்தது. என் மனைவி கடலுக்கு அப்பால், பெருநிலத்துத் தாசேக் கெலுகோரில் ஆசிரியை. அவளுடைய பள்ளிக்குத் தொடர்பு கிடைத்திருந்தாலும் பம்பு என்னிடம்தான் இருந்தது. கிரீன் லேனில் எத்தனை சிவப்பு விளக்கைத் தாண்டினேன் என்று தெரியாது. பள்ளி அலுவலகத்தில் மேசை மேல் கைகளை ஊன்றி, தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்க மகள் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து, ஓரத்தில் நீலம் ஓடியிருந்தது. ஐந்தாறு முறை அழுத்திய பிறகு தோள் தணிந்தது. "அப்பா, சட்டை பூரா சிவப்பு மை," என்றாள். அவளை அள்ளிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். பயமில்லை என்றார் மருத்துவர். பயம் என்னவோ என்னை விட்டுப் போகவில்லை. அவளுக்கு இப்போது பதினாறு வயது. இதை எழுதும்போதும் அந்த நீலம் கண்ணில் நிற்கிறது.

மறுநாள்தான் அக்காவிடம் கேட்டேன். "நான் அங்க இருக்கேன்னு எப்படிக்கா தெரிஞ்சுது?"

அவர் ஒரு தடித்த நோட்டை எடுத்து வைத்தார். அகர வரிசையில் பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தாய் அல்லது தகப்பன். அதற்குப் பக்கத்தில், பென்சிலால், இன்று அவர் எங்கே இருக்கிறார் என்று. ஆட்களை ஓர் உற்பத்தி வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது மேற்பார்வையாளர்கள் காலையில் அக்காவிடம் சொல்லிவிடுவார்களாம். எந்தக் கார் எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று வாசலில் காவல் நிற்கும் ஜாகா சொல்வாராம்.

"சிம்பாங் அம்பாட்லேருந்து பஸ்ஸுல வர்ற பொம்பளைங்க புள்ளைய யாருகிட்டயோ விட்டுட்டு வருதுங்க. அந்தம்மா போன் பண்ணுனா புள்ள பேருதான் தெரியும். ஸ்டாஃப் நம்பரா தெரியும்? ஒன் பொண்ணு ஸ்கூல் ஆபீஸ் கிராணியும் பாப்பா பேரைச் சொல்லி, 'அப்பா கம்ப்யூட்டர்ல வேலை'ன்னாரு. அவ்வளவுதான்."

"என் பேரை எப்ப எழுதுனீங்க?"

"பாப்பா மூணு வயசுல தீபாவளி விருந்துக்கு வந்துச்சே, அப்பவே."

என் அட்டவணையில் 'ஊழியர் விவரம்' என்ற வரிக்கு நேரே அழகான குறி போட்டிருந்தேன். ஊழியர் எண்ணைக் கொடுத்தால் கணினி எல்லாம் சொல்லும். பிள்ளையின் பெயரைக் கொடுத்தால் ஒன்றும் சொல்லாது. நான் வேண்டுமென்றே நீக்கியது பலகையை. கூடவே இந்த நோட்டும் போயிருக்கும். அது இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் தேடிக்கொண்டிருந்த உண்மையான இடைவெளி இதுதான்!

என் மேலாளர் நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம் உள்ள தமிழ் முஸ்லிம். சுவரில் அந்த 'நீக்கம்' வரியை நான் அடிப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. இப்பப் போயிக் கலைக்கிறியே, ஒனக்கு மூளை இருக்கா?"

"பாஸ், ஒரே ஒரு போன் போடுங்க. கேண்டீன் பப்ளிக் போன்லேருந்து. ஒங்க பொண்ணு பேரை மட்டும் வச்சு ஒங்களத் தேடிப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்து காசைப் போட்டு, சோதனைக்கு வந்திருந்த இயந்திரத்தின் எண்ணை அழுத்தினார். உள் எண்ணை அழுத்துங்கள் என்றது குரல். தெரியாவிட்டால் பூஜ்யம் என்றது. பூஜ்யத்தை அழுத்தினார். உள் எண்ணை அழுத்துங்கள் என்றது.

"என்னாய்யா இது, என் மாமியா மாதிரி சொன்னதையே சொல்லுது!"

அடுத்தது அக்காவின் எண். பெண் குரலில் பேசி, மகளின் பெயரைச் சொல்லி, "அவங்க அப்பா இருக்காங்களா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவரு சீட்டுல இல்லீங்களே," என்றார் அக்கா. "கேண்டீன்ல நின்னு கொரலை மாத்திப் பேசிக்கிட்டு இருக்காரு. கூப்புடவா?"

மேலாளர் தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு, "எழுது," என்றார்.

அன்று மாலை அக்கா முதல்முறையாக அந்தக் கூட்ட அறைக்குள் வந்தார். 'புதிது' வரிசையில் நான் எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தார்: 'பிள்ளையின் பெயரைக் கொண்டு பெற்றோர் இன்று இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தல்.' பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார்.

"ஜாகா எங்க? அவரு சொல்லாட்டி எனக்கு எப்புடித் தெரியும்? அப்பறம் இங்க குறிப்பு எழுத ஒரு எடம் வேணும் லா. எல்லாம் பேரு மட்டுமா?"

அவர் சொன்னபடியே எழுதினோம். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் அந்த ஒரு வரிசையைப் பற்றித்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள். கேண்டீன் கதையை மேலாளரே நடித்துக் காட்டினார். ஒப்புதல் கிடைத்தது. இயந்திரத்தில் பூஜ்யத்தை அழுத்தினால் இனி அக்கா எடுப்பார் என்று முடிவானது.

ஓராண்டு கழித்துப் புதிய அமைப்பின் அந்தப் பகுதி வேலை செய்யத் தொடங்கிய காலையில், அக்கா ஒற்றை விரலால் என் மகளின் பெயரைத் தட்டினார். திரையில் என் பெயர், கட்டடம், உள் எண். அடியில் குறிப்பு என்ற இடத்தில் அவர் முன்பே எழுதி வைத்திருந்தது: 'மூச்சு பம்பு. காடியில பாக்கவும்.'

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு யாருக்கும் சொல்லாமல் கீழே இறங்கிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய், பின் கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியிலும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். அங்கே எதுவும் இல்லை.