மூன்றாம் கம்பி, ஒன்பதாம் கட்டம்

எங்கள் பல்கலைக்கழகப் பீடத்து நாடகத்தில் நான் எழுதிய காட்சி ஒன்றே ஒன்று. அதில் வசனம் கிடையாது. வேலையை விட்டு நின்ற மகள் அதைத் தகப்பனிடம் சொல்ல முடியாமல் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறாள். இரண்டு நிமிடம் ஒரு கிட்டார் மட்டும் ஒலிக்கிறது.

அதை வாசிக்கவேண்டியவர் என்னைவிட ஓராண்டு மூத்த யாழ்ப்பாணத்து அக்கா. இசையமைத்தவரும் அவரே. அரங்கேற்றத்துக்குப் பத்து நாட்கள் இருக்கையில் மழையில் நனைந்த படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

நெறியாள்கை செய்த இறுதியாண்டு அண்ணா தினமும் கம்பளையிலிருந்து வந்து போகிறவர். சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார்: "வியாழன் நாலு மணி ஒத்திகைக்கு மியூசிக் இருக்கணும். இல்லைன்னா அந்த எடத்துக்கு நானே நாலு வரி வசனம் எழுதிப் போட்டுருவேன்."

அந்த நாலு வரி வந்துவிட்டால் அது என் காட்சியாக இருக்காது.

அக்கா தன் இசையை ஒரு மென்பொருளில் எழுதி வைத்திருந்தார். ஆறு கம்பிகளுக்கு ஆறு கோடுகள். கிட்டார்க் கழுத்தின் எந்தக் கட்டத்தில் விரல் வைக்கவேண்டும் என்பதற்குக் கோட்டின் மேல் எண்கள். அவற்றைப் படித்து மென்பொருள் தானே வாசித்துக்காட்டும். அவருடைய மடிக்கணினி பழுதாகியிருந்ததால், இருந்த ஒரே பிரதி பென் டிரைவில் என் கைக்கு வந்தது.

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. பிறர் எழுதியதைத் திருத்தத் தெரியும். ஒரே சுரத்தை வெவ்வேறு கம்பிகளில் எடுக்கலாம் என்று மென்பொருளே காட்டியது. அக்கா மூன்றாம் கம்பியில் ஒன்பது என்று எழுதியதை முதற்கம்பியில், விரலே வைக்காத பூச்சியம் என்று எழுதிவிடலாம். எழுதிக் கேட்டேன். வேறுபாடு இல்லை. பெரிய எண்கள் எல்லாம் எனக்குச் சுற்றிவளைத்த வாக்கியங்களாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாகச் சிறிய எண்ணாக்கி, அதே பெயரில் சேமித்தேன். எவரிடமும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணாவுக்குப் போட்டுக்காட்டினேன். பத்து செக்கன்கூடக் கேட்கவில்லை.

"பாண் ஆட்டோ வந்துருச்சு! யாராச்சும் ஓடிப்போய் ரெண்டு மாலு பாண் வாங்கிட்டு வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது சரிதான். தெருத்தெருவாகப் பாண் ரொட்டியும் மீன் அடைத்த மாலு பாணும் விற்கும் முச்சக்கர வண்டி ஒலிபரப்பும் மெட்டைப் போல, எல்லாச் சுரமும் ஒரே பலத்தில், ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த இரண்டு நாட்களும் அந்தச் சீரைக் குலைப்பதில் கழிந்தன. உண்மையான கிட்டார் ஒன்றின் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாகவும் பலமாகவும் மீட்டிப் பதிந்த ஒலித்தொகுப்பு ஒன்றை இறக்கிச் சேர்த்தேன். சுரத்துக்குச் சுரம் பலத்தை மாற்றினேன். ஒரே கணத்தில் ஒலித்த ஆறு கம்பிகளையும் விரல் உரசிச் செல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவைத்தேன். புதன் மாலை, அறையில் யாரோ உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது.

வியாழன் ஒரு மணிக்கு அக்கா மஹய்யாவவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாக்கட்டு போட்ட கையை மடியில் வைத்தபடி கேட்டார்.

"சத்தம் கிட்டார்தான். ஆனா இது என்ர கை இல்லை." மறுபடியும் கேட்டார். "இந்த மென்பொருள் இப்பிடித்தான் போல."

"அப்படித்தான் போல," என்றேன்.

சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய மலிவான ஒலியில் எல்லாக் கம்பியும் ஒன்றுதான். இந்தப் புதிய ஒலியிலோ ஒவ்வொரு கம்பிக்கும் தனிக் குரல். மூன்றாம் கம்பியில் அடங்கி ஒலிக்கவேண்டிய சுரம், முதற்கம்பியில் கண்ணாடியில் கரண்டி பட்டதுபோல் கணீரென்றது. மறைப்பதற்கு எதுவுமே இல்லாத ஒரு மகள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை, விடும்," என்றார் அக்கா. "அந்த அண்ணாவுக்கு விளங்கவே போகுது?"

விளங்காதுதான். நான் வாயைத் திறக்காவிட்டால் காட்சி தப்பிவிடவும் கூடும்.

"அக்கா, நான்தான் மாத்தினேன்."

"என்னத்தை?"

"நம்பரை. பெருசா இருந்ததை எல்லாம் சின்னதாக்கிட்டேன். ஒழுங்கா இருக்கட்டும்னு."

அவர் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் திரையைப் பார்த்தேன்.

"என்ர பாட்டுக்குச் சிவப்பு மையால திருத்தம் போட்டிருக்கிறீர், என்ன? பழசு இருக்கோ?"

"இல்லை."

அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, மாக்கட்டையே கிட்டாரின் கழுத்தாக வைத்து, அதன்மேல் இடது கை விரல்களைப் பதித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "எழுதும். மூண்டாம் கம்பி, ஏழு. அதிலயிருந்து ஒன்பதுக்கு வழுக்கிப் போறது. விரலை எடுக்கிறேல்லை."

விரல்கள் நகர நகர நான் எண்களைத் தட்டினேன். இரண்டே முக்காலுக்கு விரல்கள் நின்றன. கடைசிக்கு முந்திய இரண்டு வரிகளுக்கு இடையில் ஒரு துண்டு வரவில்லை. பின்னால் போய் வந்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார்.

"நீங்க எழுதினதுதானே அக்கா, கொஞ்சம் யோசிங்க."

"கை மறந்திட்டுது. நீர் எழுதினது வேண்டாம். வெறுமையா விடும்."

வெற்றிடம் விட்ட எதையும் நான் அதுவரை எவரிடமும் கையளித்ததில்லை. அந்த இடத்தில் இருந்த என் சுரங்களை அழித்துவிட்டேன். பஸ்ஸுக்கு ஓடினோம்.

ஒத்திகையில் மகளாக நடித்தவள் கோப்பையை நீட்டிய நேரத்தில் இசை நின்றது. நீட்டிய கையோடு அவள் விழித்தாள். தகப்பனாக நடித்தவரும் வாங்காமல் இருந்தார்.

"என்னங்க, நின்னுருச்சா?" அண்ணா கதிரையிலிருந்து பாதி எழுந்தார்.

"நிக்கேல்லை. பேசாமப் பாருங்கோ," என்றார் அக்கா.

நான் விசைப்பலகையைத் தொடவில்லை. மூன்றாம் கம்பி மெல்ல வழுக்கி ஏறியது. தகப்பன் கோப்பையை வாங்கினார்.

அண்ணா உட்கார்ந்தார். காட்சி முடிந்தது. பிறகு பிரதியைப் புரட்டி, என் காட்சி இருந்த பக்கத்தில் தான் பென்சிலால் எழுதி வைத்திருந்த நாலு வரிகளை அழித்தார்.

"சரி, வசனம் வேணாம். அந்தப் புள்ள கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சுச்சே, அதை அப்படியே செய்யச் சொல்லுங்க."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "முதல்ல இருந்து போடும்," என்றார்.

போட்டேன்.