ஊசி மாற்றும் சன்னல்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் உளவியல் ஆலோசகராக அவள் சேர்ந்தபோது தனி அறையும் நாற்காலிகளும் கொடுத்தார்கள். வாசலில் ‘மனநல ஆலோசனை’ என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டினார்கள். அந்தப் பலகைதான் வினை. உள்ளே போனால் பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார்களே! ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. கட்டிங் மாஸ்டர் அதற்கு ‘லூசு ரூம்’ என்று பெயரே வைத்துவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வீட்டில் நாத்தனாரின் கேலி வேறு. “சும்மா பேசுறதுக்குச் சம்பளமா அண்ணி?”

மேலாளர் கறாராகச் சொன்னார். “அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. யாரும் வரலைன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க.”

அவள் அறையில் ஈ ஓட்டாமல் தையல் கூடத்தைச் சுற்றி வந்தாள். அங்கே ஊசி உடைந்தால் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி வந்து, ஊசி மாற்றிக் கொடுக்கும் சன்னலில் காட்டினால்தான் புது ஊசி. சட்டையில் துண்டு தங்கிவிடக் கூடாதே! அந்தச் சன்னலுக்குச் சில முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாம் கண் சிவந்த முகங்கள். கை நடுங்கினாலும் ஊசி உடையும், மனசு எங்கோ அலைந்தாலும் உடையும்.

“சார், ரூமை எடுத்துக்குங்க. எனக்கு ஊசிச் சன்னலைக் குடுங்க.”

மேலாளர் சிரித்துவிட்டார். “இதுக்கா இவ்வளவு படிச்சீங்க?”

“இதுக்குத்தான் சார்.”

“சரி. ஆனா கெடு அதேதான்.”

வரிசையைத் தள்ளி நிற்க வைத்து, துண்டுகளைப் பொருத்திப் பார்த்தபடி மெதுவாகக் கேட்பாள்: “நேத்து தூங்கினியாம்மா?” ஊசிக்கு நிற்பதில் யாருக்கு என்ன வெட்கம்? காலர் தைக்கும் பெண் முதல் தடவை தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த தடவை உடைந்து போனாள்.

“கொழந்தை பொறந்ததுலேர்ந்து அழுகையாவே வருதுக்கா. ஏன்னே தெரியல.”

“இது பைத்தியமில்லம்மா, தீரக்கூடிய வியாதி. ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரேன்.”

சில வாரத்தில் அந்தப் பெண் சன்னல் பக்கமே வரவில்லை. ஊசி உடைந்தால்தானே வருவாள்! ஆலோசகருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

கெடு முடியும் நாளில் மேலாளர் வந்து நின்றார். நீண்ட வரிசையில் கடைசி ஆளாக, உள்ளங்கையில் உடைந்த ஊசியோடு நின்றவர் கட்டிங் மாஸ்டர்!

“துணி வெட்டுற உங்களுக்கு ஏதுய்யா ஊசி?” என்றார் மேலாளர். மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

“நான்தான் சார் எடுத்துட்டு வரச் சொன்னேன்,” என்றாள் அவள். “துண்டு சேருதான்னு பாக்கணும். கொஞ்சம் நேரமாகும்.”

மேலாளர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “நிதானமாப் பாருங்கம்மா. இனிமே இந்தச் சன்னல் உங்களோடதுதான்,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

படித்த படிப்பு வீண்போகவில்லை. பெருமையில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊசித் துண்டுகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“நேத்து தூங்கினீங்களா மாஸ்டர்?”