இரண்டு சால் காராமணி

கல்யாணமான அந்தப் புரட்டாசியில் என் கால் தரையில் பாவவில்லை. விருதுநகர்ப் பக்கத்துக்காரன் நான். போச்சம்பள்ளி கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். கம்பெனி பஸ் மாமனார் ஊர் வழியாகவே போனதால், நண்பர்களின் கேலியைத் துடைத்துப் போட்டுவிட்டு வீட்டோடு மாப்பிள்ளை ஆகியிருந்தேன்.

என் மனைவி தாவரவியல் படித்தவள். யூரியா இல்லாமல் காராமணி விளைவித்துக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் அரை ஏக்கரைக் கேட்டாள்.

"இந்த ஒரு வெள்ளாமை உன் இஷ்டம். தேறலன்னா அடுத்த வருசம் தைலமரம் வெச்சுடுவேன். அப்பறம் பேசக்கூடாது" என்றார் மாமனார்.

ஆறிய கஞ்சியில் நுண்ணுயிர்ப் பொடியைக் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தினாள். நான் விசிற, அவள் விளக்கினாள்.

"பசிச்ச வேரு மண்ணுல ஒரு ரசாயனத்த வுடும். பாக்டீரியா அதைக் கண்டுக்கிட்டு, பதிலுக்கு ஒண்ணு அனுப்பும். பதில் சரியா இருந்தாத்தான் வேரு உள்ள சேத்துக்கும். அப்பறம் வேர்ல முடிச்சு முடிச்சா குடியிருந்து, காத்துல இருந்து சத்தெடுத்துக் குடுக்கும்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நிச்சயமான நாளிலிருந்து நாங்களும் அப்படித்தானே? பஸ் ஏறியதும் நான் ஒரு மிஸ்டு கால், பதிலுக்கு அவள் ஒன்று. பேச்சே கிடையாது, விஷயம் முழுக்க வந்துவிடும்.

பன்னிரண்டாம் நாள் பயிர் வெளுத்து நின்றது. "தைலமரக் கன்னுக்குச் சொல்லி வெக்கட்டுமா?" என்றார் மாமனார். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குத் தாங்கவில்லை. கம்பெனியில் சோதனையில் தேறாததை ரீவொர்க் செய்து அனுப்புவோம். அதே புத்தியில், காலையில் மாமனாரின் மூட்டையிலிருந்து யூரியாவை அள்ளி, வரப்போரம் இரண்டு சாலுக்குத் தூவினேன். மூன்றாவதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து மாமனார் சோதனைக்கு வந்தார். வரப்போரம் தளதளவென்று நின்ற செடியையே பிடுங்கினார். வேர் வெறுமையாக இருந்தது. தேடினால் கடுகளவில் இரண்டு.

"எங்கம்மா உன் முடிச்சு?"

அவள் முகம் செத்துவிட்டது. அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மாமா, அந்த ரெண்டு சாலுக்கும் நான் யூரியா போட்டுட்டேன்."

என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தவள், மூன்றாம் சாலுக்கு ஓடி ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் முழுக்க மிளகு மிளகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே சிவப்பு.

"பாருங்கப்பா, உயிரோட வேல செய்யுது. வயிறு நெறஞ்ச வேரு எதுக்குக் கூப்புடப் போவுது? அதான் அங்க ஒண்ணும் வரல."

மாமனார் இரண்டு செடிகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தைலமரம் வேணாம். அடுத்த தடவ முழுக் காட்டுலயும் நீயே போடு. யூரியா மூட்டைய மட்டும் மாப்பிள்ளை கண்ணுல படாம வெச்சுக்க."

அவள் சிரிக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. ஹாரன் கேட்டது. மிஸ்டு கால் கொடுக்கவும் தைரியமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டுமுன் போன் ஒருமுறை அடித்து நின்றது. முதல்முறையாக அவளே முந்திக்கொண்டிருந்தாள்.