ஆயுத பூஜைக்கு வைத்த ஹீரோக்கள்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது என்னிடம் ஒன்பது ஹீரோக்கள் இருந்தார்கள். ஒரு சாண் உயரம். கை கால் மூட்டெல்லாம் மடங்கும். ஆக்‌ஷன் ஃபிகர் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். அவர்களைப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்ட ஒரு சித்தப்பாவோடு பொங்கல்வரை பேசாமல் இருந்தேன்.

ஒன்பதையும் வாங்கி வந்தவர் என் நைனா. உத்திரமேரூரில் ஒரு அரிசி மில்லில் லாரி ஓட்டினார். லோடு எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர்க் கடைத்தெருவில் தேடிப்பிடித்து ஒன்று வாங்கி, வேட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவருவார். அவர்களுடைய பெயரோ சக்தியோ அவருக்குத் தெரியாது. "ஒன்னாண்ட இல்லாத மூஞ்சியா பாத்து எட்தாந்தேன்" என்பார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் சர்க்கரை நோய் அவர் கண்ணில் கைவைத்துவிட்டது. இனி லாரி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில் முதலாளி நல்ல மனுஷன். நைனாவை மில் கேட்டில் உட்காரவைத்து, லாரியைப் பக்கத்துத் தெரு அண்ணனிடம் கொடுத்தார். வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு இருந்த வருத்தமெல்லாம் பத்தாவது ஹீரோ வரமாட்டான் என்பதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஆயுத பூஜை வந்தது. அதுவரை எல்லா வருஷமும் அந்த லாரி எங்கள் வாசலில்தான் நிற்கும். நைனா விடியும்போதே அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டுவார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பொரி அள்ளிக் கொடுப்பார். இந்த முறை ஹாரன் சத்தம் பக்கத்துத் தெருவிலிருந்து கேட்டது. நைனா குளித்துவிட்டு உள்ளேயே இருந்தார்.

எனக்கு வேறு அவசரம். மாமா பையன் லீவுக்குச் சென்னையிலிருந்து எங்கள் ஊர்ப் பாட்டி வீட்டுக்கு லேப்டாப்போடு வந்திருந்தான். அதில் புதிதாக ஒரு சூப்பர் ஹீரோ கேம். என்னிடம் இருந்த ஒன்பது பேரும் அதில் வருவார்கள். எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டிருந்தோம். எந்த ஹீரோவைக் கையில் கொண்டுவருகிறோமோ அவனை வைத்துத்தான் ஆடலாம். சாயந்திரம் அவன் ஊருக்குக் கிளம்பிவிடுவான். நான் அவசரமாக அலமாரியைத் திறந்தேன். ஒருவரும் இல்லை.

சாமி படத்துக்கு முன்னால் அம்மா தன் அரிவாள்மணையையும் என் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் வைத்திருந்தாள். பக்கத்தில் தனியாக ஒரு மணைப்பலகை. அதன்மேல் என் ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். நைனா குனிந்து ஒவ்வொருவருக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். நெற்றி எங்கே என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆந்தை முகமூடிக்காரனுக்குக் கண்ணிலும் கையில் தீ ஏந்திய பெண்ணுக்கு வாயிலும் அப்பியிருந்தார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபடி கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். புத்தக விஷயத்தில் எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும், ஒரு நாள் படிக்க வேண்டாமே. இப்போது தலையில் இடி விழுந்ததுபோல் ஆகிவிட்டது.

"இன்னா நைனா பண்ணிக்கினு கீற? எனக்கு இப்பவே வோணும்."

"இன்னிக்கி ஒரு நாளு இருக்கட்டும்மா. நாளிக்கி எட்த்துக்கோ."

"சாமிக்கி வெச்சத தொடாதடி" என்றாள் அம்மா.

"ஆயுத பூஜைக்கு ஆயுதம்தான வெக்கணும்? இது இன்னா ஆயுதமா? வெறும் பொம்ம."

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். நைனா அவளைத் தடுத்தார்.

"ஆமாம்மா. பொம்மதான்" என்றார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து என் பையில் போட்டார். ஒட்டிப்போன சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். எதுவும் மிச்சமிருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒன்பதாவது ஆள் பையில் விழுந்ததுமே ஓடிவிட்டேன்.

அன்று நன்றாக ஆடினேன். மாமா பையனை ஆறு முறை தோற்கடித்தேன். சாயந்திரம் திரும்பி வந்தபோது புத்தகங்களும் அரிவாள்மணையும் அப்படியே இருந்தன. மணைப்பலகை வெறுமனே கிடந்தது. அந்த வெறும் பலகைக்கு முன்னாலும் பொரியும் பழமும் படைத்து, கற்பூரம் காட்டியிருந்தார்கள். நைனா பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிச்சியாம்மா?"

"ஜெயிச்சேன் நைனா. நீலக் கவசக்காரன வெச்சி."

"எது, நாக்பூர்ல வாங்குனனே, அதுவா? மழைல மூணு நாளு வண்டி நின்னுபோச்சே, அப்ப வாங்குனது."

"தெர்யாது நைனா. நீலம்."

"சரி, அந்த விஜயவாடா பொண்ணு? ராய்ச்சூர்காரன் இன்னா பண்ணான்?"

அவர் யாரைக் கேட்கிறார் என்றே எனக்குப் பிடிபடவில்லை. யார் எவ்வளவு உயரம் தாவுவான், எத்தனை அடி தாங்குவான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பசிக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். அத்தனை வருஷம் அவர் ஓட்டிய வண்டியில் எங்கள் வீட்டுக்கு மிஞ்சியது அந்த ஒன்பது பேர்தான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.