ஊறுகாய் ஜாடியோடு ஒரு பஸ் பயணம்

2006-ம் ஆண்டு, சித்திரை வெயில். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மாதக் கர்ப்பம். முந்தைய வருஷம் ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு பிறந்த என் முதல் குழந்தை ஒரு பகல்கூடத் தங்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் இந்த முறை வயிற்றில் குழந்தையையும் நெஞ்சில் பயத்தையும் சேர்த்தே சுமந்தேன்.

காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வரச் சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரி நர்ஸ். தைல பாட்டில், டானிக் பாட்டில் எதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. பட்டறையிலிருந்து கொண்டுவந்த குட்டி ஊறுகாய் ஜாடி கண்ணில் பட்டது. பால் வெள்ளை, கச்சிதமான மூடி. சூளை நெருப்பில் வெந்த பொருளைவிடச் சுத்தம் உலகில் ஏது?

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் வயிற்றைப் பார்த்தார், மடியில் இருந்த ஜாடியைப் பார்த்தார்.

"எலுமிச்சையா, மாங்காயாம்மா?"

"எலுமிச்சைங்க."

"ஒரு துண்டு குடேன், நாக்கு செத்துக் கிடக்குது."

"இன்னும் ஊறலைங்க" என்று ஜாடியை இறுக்கிக்கொண்டேன். இறங்கும்வரை மூச்சே விடவில்லை.

நர்ஸ் ஜாடியைத் திறந்தார், மூடினார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சூளையில வெந்ததுங்க சிஸ்டர், கிருமியே நிக்காது" என்றேன் ரோஷமாக.

"வெந்தப்புறம் எத்தினி கை பட்டுச்சு? உள்ள கிருமி இருந்தா அது உன்னுதா, ஜாடியுதான்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

காய்ச்சிச் சுத்தம் செய்த பாட்டில் ஒன்றைக் கொடுத்துத் திரும்ப எடுக்கச் சொன்னார். சில நாளில் முடிவு வந்தது. கிருமி இருந்தது. ஜாடியுடையது அல்ல, என்னுடையதுதான்.

"எரிச்சலே இல்லீங்களே, காய்ச்சலும் இல்ல."

"சில பேருக்குச் சத்தமே காட்டாது. அப்படியே வுட்டா சிறுநீரகம் வரைக்கும் போயிடும், வலியும் முன்னாடியே வந்துடலாம். போன தடவை இதனாலதானான்னு இப்ப சொல்ல முடியாது. இந்தத் தடவை வுடக் கூடாது. தண்ணி குடிக்கிறியா?"

"வேலை நேரத்துல இல்லீங்க" என்றேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மை காய்வதற்குள் கை, கால் ஒட்டி, ஓரம் சீவிவிட வேண்டும். நடுவில் எழுந்தால் பொம்மை காய்ந்து வெடித்துவிடும். கக்கூஸோ சூளைக்கும் அந்தப்பக்கம். அதனால் நாங்கள் யாரும் மதியம்வரை தண்ணீரே குடிப்பதில்லை. அதைத் திறமை என்றே நினைத்திருந்தோம்.

"உள்ள இருக்கிற கிருமியை மொத்தமா அழிச்சிடுங்க சிஸ்டர்" என்றேன்.

"மொத்தமா அழிச்சிட்டு நீ எப்படிப் பொழைப்ப? நல்லதும் உள்ள குடியிருக்குது, உனக்குக் காவலா. கிருமிநாசினி ஊத்திக் கழுவி அதுங்களைத் தொரத்தாத. குடுக்கிற மாத்திரையை நடுவுல நிறுத்தாத. ஒண்ணுக்கு வந்தா அடக்காத, போ."

மறுநாள் பட்டறையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பெஞ்சு நடுவில் வைத்தேன். பொம்மைமேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு எழுந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பொம்மை அப்படியே ஈரமாக இருந்தது. பக்கத்து இடத்து அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோதானாடி? இத்தினி வருஷமா எதுக்குடி அடக்கிக்கிட்டுக் கெடந்தோம்!"

அன்று பெஞ்சு முழுக்க ஈரத்துணி. எட்டுப் பேரும் முறைவைத்து எழுந்தோம், முறைவைத்துச் சிரித்தோம். குடம் இரண்டு முறை காலியானது.

மறுபரிசோதனையில் கிருமி இல்லை. ஆனாலும் ஏழாம் மாதம் முழுக்க விரல் விட்டு நாள் எண்ணினேன். ஏழு போனது, எட்டு போனது. கொலு பொம்மைகள் லாரி ஏறிய புரட்டாசியில், நாள் நிறைந்து, ஊரையே கூப்பிடும் குரலோடு என் மகள் பிறந்தாள். பார்க்க வந்த அக்கா குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னார்: "மூணு கிலோ பொம்மைடி. ஓரம்கூடச் சீவ வேணாம்!"

அந்த ஜாடியில் இன்றுவரை ஊறுகாய் போட்டதில்லை, பேனாக்கள் நிற்கின்றன. எழுத உட்கார்ந்து நேரம் மறந்து, தாகத்தை அடக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். களிமண் காயாமல் காத்தவள் தன்னைக் காயவிட்டாளே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுந்துபோய், எனக்கும் எனக்குள் குடியிருக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத காவலர்களுக்கும் சேர்த்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.