கம்பளிச் செருப்பும் என் கான்வென்ட் படிப்பும்

ஜெர்மனியில் குடித்தனம் செய்கிற தமிழ்ப் பெண்ணுக்குச் சமையல் பாதி வேலை என்றால், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இடம் சுற்றிக் காட்டுவது மீதி வேலை. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. வந்தவர்கள் திரும்பிப் போய் நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்களோ, அதுதான் சர்டிபிகேட். இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரிகளே, அறுபதுகளின் கடைசியில் நான் வாங்கிய சர்டிபிகேட்டின் கதை இது.

அப்போது பிராங்பர்ட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரரின் அக்கா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள். மில்லுக்கு மெஷின் பார்க்க வந்த தன் வீட்டுக்கார அண்ணாச்சியோடு பத்து நாள். "கான்வென்ட் படிப்பு குடும்பத்துக்கு ஆகாது" என்று எங்கள் கல்யாணத்தின்போதே மாமியார் காதில் ஓதிய புண்ணியவதி இந்த மதினிதான். இந்த முறை என் ரசத்தையும் ஜன்னல் திரையையும் பிள்ளை வளர்ப்பையும் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. திறந்து திட்டினால்கூடப் பரவாயில்லை. மிச்சம் இருந்தது ஒரே நாள். அதற்குள் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று, "வாங்க மதினி, வூர்ட்ஸ்பர்க் பழைய ஊரு, பார்த்துட்டு வருவோம். கைடெல்லாம் எதுக்கு, நான் இருக்கேன்ல" என்றேன்.

ஜன்னலோர இடம்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ரயில் வந்து நின்றதும் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இரண்டு இடம் பிடித்து, புளியோதரைத் தூக்குவாளியை நடுவில் வைத்தாயிற்று. வழியில் ஒரு கிழவரும் கிழவியும் ஏறி வந்து, அது தங்கள் இடம் என்றார்கள். விடுவேனா? முறை, நியாயம், வெளிநாட்டாரிடம் நடந்துகொள்ளும் பண்பு என்று ஐந்து நிமிஷம் சுத்தமான ஜெர்மனில் வகுப்பு எடுத்தேன். கிழவர் என் தலைக்கு மேலே செருகியிருந்த சீட்டைக் காட்டினார். முன்பதிவுச் சீட்டு.

தூக்கோடு நடைபாதையில் போய் நின்றோம். மதினி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "ஜெர்மன் நல்லாத்தான் பேசுத ஸ்டெல்லா. வாசிக்கத்தான் வராதோ?"

பாலத்துப் புனிதர்கள்

வூர்ட்ஸ்பர்க்கில் ஆற்றின் மேல் பழைய கல்பாலம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலான கற்சிலைகள். பதிமூன்று வருஷம் கன்னியாஸ்திரீகளிடம் குட்டு வாங்கியவள் நான். புனிதர்கள் விஷயத்தில் எனக்கு யார் சொல்ல வேண்டும்? இவர் சூசையப்பர், அவர் சவேரியார் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மதினி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஒவ்வொருவர் முன்பும் சிலுவை போட்டு ஒரு ஜெபம் சொன்னார்கள். கிரீடமும் வாளுமாக நின்ற ஒருவர் முன்பு மதினி கண்ணை மூடி நிற்க, காய்கறிக் கூடையோடு போன உள்ளூர் அம்மாள் ஒருத்தி என்னிடம், "அவர் புனிதர் இல்லை, ராஜா. கீழே பெயர் இருக்கிறதே" என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று மதினி கேட்டார்கள். பொய் சொல்ல எனக்கு நேரம் போதவில்லை. "அடிப் பாவி! ஒரு ராஜாவுக்கா நான் அருள் நிறைந்த மரியே சொன்னேன்?"

பெட்டி நிறையச் செருப்பு

அடுத்தது அரண்மனை. வாசலில் ஒரு மரப்பெட்டி நிறையக் கம்பளிச் செருப்புகள், ஒவ்வொன்றும் ஒரு படகு அளவுக்கு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் ஊர்க் கோயிலில் செருப்பை வெளியே விடுவதில்லையா, அதே மரியாதைதான். குளிர் தேசமாச்சே என்று காலுக்குக் கம்பளி கொடுக்கிறார்கள். "ஷூவைக் கழற்றுங்க மதினி" என்று, இரண்டு ஜோடியையும் தூண் மறைவில் ஒழுங்காக வைத்தேன்.

மதினி சுற்றிலும் பார்த்தார்கள். "எல்லாரும் ஷூவுக்கு மேலயில்லா மாட்டுதாவ?" என்றார்கள். "அவங்களுக்கெல்லாம் முறை தெரியாது மதினி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். அந்தச் செருப்பு தரையைக் காப்பாற்ற, காலை அல்ல என்பது எனக்குத் தெரியாது. மேலே கூரை முழுக்கச் சித்திரம். நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்தே பார்க்கவில்லை. காலை விட்டு நழுவி ஓடும் படகைப் பிடிப்பதிலேயே எங்கள் கவனம் இருந்தது. பின்னால் வந்த ஒரு பெரியவர், ஓடிப்போன என் இடது செருப்பைக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அம்மா, உங்கள் ஷூ எங்கே?"

பன்னிரண்டு முதல் இரண்டு வரை

போன வழியாகத் திரும்பி வரலாம் என்று நினைத்திருந்தேன். வெளியே விட்டதோ பின்பக்கக் கதவு வழியாக. அங்கே இன்னொரு பெட்டி. கம்பளிச் செருப்பை அதில் போடச் சொல்லிவிட்டார்கள். பட்டுச் சேலையும் வெறும் காலுறையுமாக ஈரச் சரளைக்கல்லில் அரண்மனையைப் பாதி சுற்றி முன்வாசலுக்கு வந்தால், பூட்டு. பன்னிரண்டு முதல் இரண்டு வரை மூடியிருக்கும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இதையும் நான் வாசிக்கவில்லை.

அக்டோபர்க் குளிர். படியில் உட்கார்ந்தோம். நான் மனசுக்குள், இவர்கள் ஊரில் போய் இறங்கினதும் தெருத் தெருவாக என்னென்ன சொல்லப்போகிறார்கள் என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி தூக்கைத் திறந்து என் கையில் ஒரு உருண்டை புளியோதரை வைத்தார்கள். பிறகு என் காலைப் பார்த்தார்கள், தன் காலைப் பார்த்தார்கள், பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "நல்ல வேள பிள்ள, சேலையையும் கழத்தி வைக்கணும்னு நீ சொல்லல!"

மாமியார் கடிதம்

ஒரு மாதம் கழித்து மாமியாரிடமிருந்து நீலக் கடிதம் வந்தது. பிரிக்கவே பயம். வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்று காது கொடுத்தேன். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று மதினி ஊரையே கூட்டிப் பேசினார்களாம். பேசினதை மாமியார் அப்படியே எழுதியிருந்தார்கள்: "அரமணைக்குள்ள செருப்போட போகக்கூடாதுன்னு அந்த ஊர்க்காரனுக்கே தெரியல. நம்ம ஸ்டெல்லாதான் கழத்தி வச்சுக் காட்டுனா. கான்வென்ட்டு படிப்புன்னா சும்மாவா?"

அந்த சர்டிபிகேட்டின் பலன், அடுத்த கோடையில் மதினியின் நாத்தனார்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்ததுதான்.