கோரிக்கை இல்லாத மனு

மனு எழுதுபவரிடம் மகிழ்ச்சியோடு வருபவர் எவருமில்லை. பல் பிடுங்கப் போகிறவரின் முகத்தோடுதான் எல்லாரும் வருவார்கள்.

வாசகர் முதலில் அறிய வேண்டியவை மூன்று. ஒன்று: வாரநாட்களில் பாடசாலையில் இலக்கணம் கற்பித்த நான், சனிக்கிழமைகளில் இலங்கையின் தெஹியோவிட்டயில் ஒரு பலசரக்குக் கடையின் விறாந்தையில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்து வந்தேன். கடைக்காரரை ஊரே நானா என்று அழைக்கும். இரண்டு: சுற்றியுள்ள இறப்பர் தோட்டத்து மக்கள் சிங்களத்தைச் சரளமாகப் பேசுவார்கள், எழுதத் தெரியாதவர்கள். கந்தோர் எனும் அரசு அலுவலகங்களோ எழுத்தை மட்டுமே நம்பும். மூன்று: என் மனுவுக்குப் பத்திகள் மூன்று. முதற்பத்தியில் ஆள், இரண்டாவதில் குறை, மூன்றாவதில் கோரிக்கை. இடமும் நேரமும் சாட்சியும் இல்லாத வாக்கியத்தை நான் எழுதுவதில்லை. பிறருக்கு எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்குமாயின், என் நிலை எளிதில் விளங்கும்.

ஒழுகாத இடம்

இறப்பர் பால் வெட்டும் தொழிலாளியான இராமையா, தம் லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகுவதாக மனு எழுத வந்தார். “எத்தனை இடத்தில் ஒழுகுகிறது?” என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர், இரண்டு கைகளும் போதாமல் நிறுத்திக்கொண்டார். எண்ணிக்கை இல்லாமல் இரண்டாம் பத்தியை எழுத இயலாது என்று நான் பேனாவை மூடினேன்.

அவர் வருந்தவில்லை, முகம் மலர்ந்துவிட்டது. “ஒழுகாத எடத்தை எண்ணிக்கிருங்க டீச்சரம்மா, அதுதான் லேசு. ஒன்னே ஒன்னு. நல்ல வேளைங்க, அங்கனதான் சாமி படம் மாட்டியிருக்கோம்.”

சிரித்துக்கொண்டு வந்தவர்

அடுத்த சனிக்கிழமை பாக்கியம் வந்தார். அவரும் பால் வெட்டுபவர். மழை ஈரத்தில் வாளியோடு சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டவர். நான்கு மாதம் ஊன்றுகோலோடு செவ்வாய்தோறும் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போய் வந்தார். பஸ் நிற்க வேண்டிய இடம் அவர் லயத்திலிருந்து அரை மைல் கீழே, பாலத்தடியில். ஆனால் சாரதி சோமபால, லயத்துப் படிக்கட்டின் கீழேயே பஸ்ஸை நிறுத்தி, தாமே இறங்கி வந்து பாக்கியத்தைக் கைபிடித்து ஏற்றுவாராம். “மகாராணி வர்றாங்க, சீட்டைக் குடுங்கப்பா!” என்று பஸ்ஸே கேலி செய்யுமாம்.

கால் குணமாகிவிட்டது. இப்போது சோமபாலவைப் பற்றி டிப்போ பெரியவருக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். “சரி, உங்கள் கோரிக்கை என்ன?” என்றேன்.

“ஒன்னும் வேணாங்க. பாக்கியம் நல்லா நடக்குறா, அந்த டிரைவர் மாத்தியாவுக்குப் புண்ணியம் சேரட்டும்னு எழுதுங்க.”

என் வாழ்நாளில் முதன்முறையாக மூன்றாம் பத்தி காலியாக நின்றது. சீனி நிறுத்துக்கொண்டிருந்த நானா தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். “டீச்சர், எழுதிக் குடுங்க. இந்த மேசைக்குச் சிரிச்சிக்கிட்டு வந்த மொதல் ஆள் இந்த மனிசிதான்.”

சாட்சிகள் பன்னிருவர்

எழுதினேன். நன்றிக் கடிதமே ஆயினும் என் முறையை நான் தளர்த்தவில்லை. ‘நிறுத்தம் அல்லாத இடத்தில், நான்கு மாத காலம், செவ்வாய்தோறும் காலை ஆறு நாற்பதுக்கு, சாரதி பஸ்ஸை நிறுத்தினார், இருக்கையை விட்டு இறங்கினார், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஐந்து நிமிடம் தாமதித்தார். கண்ட சாட்சிகள் பன்னிருவர், பெயர்கள் கீழே.’ அதற்குப் பின்னரே ‘அவருக்கு எம் நன்றி’ என்று முடித்தேன்.

கடிதம் போன மூன்றாம் சனிக்கிழமை சோமபால விறாந்தையில் வந்து நின்றார். கையில் நீள உறை. டிப்போவில் விளக்கம் கோரியிருந்தார்கள், விசாரணை முடியும் வரை அவர் பஸ் ஓட்டக் கூடாது. உள்ளே, என் வாக்கியங்கள் ஒரு சொல்லும் பிசகாமல், குற்றச்சாட்டு ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிடப்பட்டிருந்தன. நன்றி மட்டும் விடுபட்டிருந்தது. நான் அதை இரண்டு முறை படித்தேன். அவரோ தமக்குத் தெரிந்த தமிழில் என்னைத் தேற்றினார்.

“பரவாயில்ல மிஸ். ஆனா நம்மளைப் பிடிக்காத ஆளு எழுதினாலும் இவ்வளவு நல்லா எழுத ஏலாது.”

விசாரணை நாள்

பாக்கியமும் நானும் டிப்போவுக்குப் போனோம். இராமையா உட்பட அந்தப் பன்னிரு சாட்சிகளும், அரை நாள் வேலையை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையும் திருநீறுமாகக் கோயில் திருவிழாவுக்குப் போவது போல உடன் வந்தார்கள். சோமபால தலை குனிந்து சுவரோரம் நின்றார். வேலை போய்விடும் என்ற கவலையில் அவர் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

அதிகாரி கண்டிப்பானவர், என்னைப் போன்றவர். “நன்றிக்கு எங்களிடம் பதிவேடு இல்லை, முறைப்பாட்டுக்கே இருக்கிறது. அதில் பதிந்துவிட்டோம். கோரிக்கை என்ன என்று தெரியாமல் கோப்பை மூட முடியாது” என்றார். குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? போன மாதம் நானும் இதையேதான் கேட்டேன்.

பாக்கியம் சிங்களத்திலேயே பதில் சொன்னார். அதைத் தமிழில் தருகிறேன். முதலில் குணமான காலை நீட்டிக் காட்டினார். அந்த அறைக்குள்ளேயே இரண்டு தடவை நடந்து காட்டினார். சாட்சிகள் கைதட்டினார்கள், அதிகாரி மேசையில் தட்டி அடக்கினார். பிறகு பாக்கியம் தாம் கொண்டு வந்திருந்த பழைய ஊன்றுகோலை எடுத்துக் கோப்பின் மேல் வைத்தார்.

“கோரிக்கை இல்லாட்டி முடியாதுன்னா, இந்தாங்க ஐயா: இந்தக் கம்பு எனக்கு இனி வேணாம். இதை அந்த பஸ்ஸுலயே வச்சிருங்க. கால் முடியாத யாராச்சும் அங்கன ஏறுவாங்க.”

அதிகாரி கோலைப் பார்த்தார்; சோமபாலவைப் பார்த்தார். கடைசியில் எழுத்தரை அழைத்தார். “எழுதிக்கொள். கோரிக்கை: கம்பு ஒன்று. அது ஏறுவதற்கு ஒரு நிறுத்தம்.”

பின்னர் முடிவானவை

சோமபால மறுவாரமே பஸ் ஓட்டினார். அவர் கோப்பில் எச்சரிக்கை ஒன்றும் பாராட்டு ஒன்றும் ஒரே தாளில் உள்ளன. லயத்துப் படிக்கட்டின் கீழே பஸ் நிறுத்தப் பெயர்ப்பலகை நடப்பட்டது. கோல் சாரதி இருக்கையின் பின்னால் கயிற்றில் தொங்குகிறது. நான் அறிய ஐவருக்குப் பயன்பட்டது. இப்போது என் மனுக்களுக்குப் பத்திகள் நான்கு: குறை கேட்குமுன், “இதுவரை உங்களுக்கு நன்மை செய்தவர் எவரேனும் உண்டா?” என்று கேட்கிறேன், பலர் அதைச் சொல்லத் தொடங்கிக் குறையை மறந்து தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘ஒழுகாத இடம் ஒன்று’ என்று நான் எழுதிக் கொடுத்த மனுவால் இராமையாவின் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. அது ஒரே இடத்தில்தான் ஒழுகுகிறது. நேர் கீழே சாமி படம். “அபிஷேகங்க டீச்சரம்மா,” என்கிறார், மனு வேண்டாமாம்.

இப்படியே எல்லாரும் திருப்தியடைந்துகொண்டு போனால், ஒழுங்காக மனு எழுதத் தெரிந்த ஒருத்தி சனிக்கிழமைகளில் என்னதான் செய்வது?